பழுதில்லாத முகம்

கருத்தையா இருபது வருஷமாகப் படம் வரைந்துகொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவரைத் தேடி வந்து ஒரு படத்தைக் கேட்டு வாங்கிப் போனவர் ஒரே ஒருவர்தான். அவர் ஏட்டு கோட்டைச்சாமி. படத்தில் இருந்தவள் கண்மாயில் மிதந்து வந்த பிணம்.

செவ்வூரணி மாட்டாஸ்பத்திரியில் கருத்தையாவுக்கு வேலை. பெயருக்கு உதவியாளர். டாக்டர் ஊசி போடும்போது மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உதைக்கிற காலுக்குக் கயிறு போட வேண்டும். கன்று வயிற்றிலேயே செத்துப்போனால் கையை விட்டு இழுக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மாடு வராது. அதற்குப் பிறகு அவர் ஓவியர்.

வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் அடைந்து கிடக்கும் கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்து வைத்திருந்தார். மாதம் ஒரு முறை காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சாயமும் தூரிகையும் வாங்கி வருவார். வரைந்து முடித்த எதையும் அவர் மனைவி சோலையம்மாள் வீணாக்கியதில்லை. ஒன்று தவிட்டுப் பானைக்கு மூடி. இன்னொன்று ஓட்டு ஒழுக்கலுக்குக் கீழே. மூன்றாவது அடைக்கோழிக் கூடைக்கு மறைப்பு. ஒரு நாள் கோழி முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. உள்பக்கமாக இருந்த முகத்தைப் பார்த்து மிரண்டிருக்கும் என்று சோலையம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்ததைக் கேட்டு, கருத்தையா நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு பொலிகாளை வரைந்தார். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே நாய்களுக்கும் வைத்தியம் பார்க்கிறீர்களா என்று டாக்டரிடம் விசாரித்தார். அவர் ஜீப் ஏறியதும், படத்துக்குக் கீழே பெரிதாக ‘காளை’ என்று எழுதிவிடும்படி டாக்டர் சொன்னார். கருத்தையா எழுதினார். எழுத்து நன்றாகவே வந்திருந்தது.

அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்று யாரும் கிடையாது. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். இளவயதில் கீழச்சிவல்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தார். அங்கே இறந்துபோன பெரியவர் ஒருவரை, சின்னப் புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு, வெளியூர் ஓவியர் எண்ணெய்ச் சாயத்தில் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார். பெரியவருக்கு ஒரு கண் கிடையாது. படத்தில் இரண்டு கண் இருந்தது. வெள்ளையடிப்பதை நிறுத்திவிட்டுக் கருத்தையா காரணம் கேட்டார். படைப்பன்று முன்னோர்களுக்கு இலை போட்டுக் கும்பிடும்போது இந்தப் படத்தைத்தான் வைப்பார்கள், கும்பிடுகிற படத்தில் பழுது இருக்கக் கூடாது என்று வீட்டு ஆச்சியே சொல்லிவிட்டாராம்.

கருத்தையாவுக்கு அது சட்டமாகப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் யார் செத்தாலும், கருமாதிக்குள் படம் வரைந்து, யாரும் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒற்றைக் காலோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவர் அவர் கையில் இரண்டு காலோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மைத் தழும்பு மறைந்தது. பொக்கை வாயில் முப்பத்திரண்டு பல் முளைத்தது. கொடுத்த படத்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஒரு வீட்டில் மட்டும், அப்பா மாதிரி இல்லை, ஆனால் பெரியப்பா மாதிரி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். அவர்களுடைய பெரியப்பா உயிரோடு இருந்தார்.

தப்பு ஒரே இடத்தில்தான் நடந்தது. கைப்பழக்கத்தில், உயிரோடிருந்த மாமனாருக்கும் எல்லாப் பல்லும் வைத்துவிட்டார். செத்தவர்களுக்குத்தான் இவன் பல் வைப்பான் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. மாமனார் படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அறுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மழைக்கு முன்னால் நடந்தது.

அந்த மழையில் ஐந்து நாள் பஸ் வரவில்லை. ஆறாம் நாள் காலையில் கண்மாய்க் கலுங்கில், தண்ணீர் வழிந்து விழுகிற கல்லிடுக்கில், ஒரு பெண்ணின் உடல் வந்து செருகி நின்றது. இருபத்தைந்து வயது இருக்கலாம். செவ்வூரணிப் பெண் இல்லை. மேலே எந்தக் கண்மாயிலிருந்து எந்த ஓடை அடித்துக்கொண்டு வந்ததோ தெரியவில்லை. கட்டியிருந்தது எல்லாச் சந்தையிலும் விற்கிற சாதாரண நூல் சேலை. நகை என்று ஒன்றும் இல்லை. பாலம் மூழ்கியிருந்ததால் பெரியாஸ்பத்திரி டாக்டரும் வர முடியாது, போட்டோக்காரரும் வர முடியாது. இன்னொரு நாள் வைத்திருந்தால் முகம் என்று ஒன்று இருக்காது. அதனால்தான் ஏட்டு கோட்டைச்சாமி முழங்கால் சேற்றில் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்து வந்தார்.

“நீங்க ஆள் படமெல்லாம் போடுவீகளாமே?”

இருபது வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் கருத்தையா காத்திருந்தார். யார் படம் என்றுகூட விசாரிக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, தாளும் கரிக்கோலும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கரையில் ஓலைப்பாய் போட்டுக் கழுத்துவரை மூடியிருந்தார்கள். செத்த மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிய மனிதர் அவர். மூக்கில் கற்பூரம் தடவிய துணியைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் குந்தினார். ஏட்டு இருபது கஜம் தள்ளி, காற்று வீசுகிற பக்கமாகப் போய் நின்று பீடி பற்றவைத்தார்.

கருத்தையா நன்றாகத்தான் பார்த்தார். முகம் உப்பியிருந்தது. கண் மூடியிருந்தது. இடது காது மடல் கீழே இரண்டாகப் பிளந்து, என்றைக்கோ ஆறிப்போன வடுவாக இருந்தது. வலது புருவத்துக்கு மேலே எலும்பு தெரிகிற மாதிரி ஒரு வெட்டு. அது பழையது இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரையத் தொடங்கினார். தொடங்கியதும் கை தன் வழியில் போனது. கண்ணைத் திறந்தது. வீக்கத்தை வடித்தது. பிளந்த காதைச் சேர்த்து, பாவம் மூளிக்காதாக இருக்க வேண்டாமே என்று ஒரு தோடும் போட்டது. நெற்றிக் காயத்தின் மேல் முடியை இறக்கிச் சீவி, நடுவில் வட்டமாகப் பொட்டு வைத்தது. அரைமணி நேரத்தில் படம் முடிந்தது.

ஏட்டு தாளை வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

“லட்சணமா இருக்கு” என்றார்.

அவர் வரைந்த படத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கருத்தையாவுக்குக் கண் கலங்கியது. கற்பூரத்தால் என்று ஏட்டு நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கருத்தையா கவனிக்கவில்லை. ஏட்டு புளியமரத்தடியில் உட்கார்ந்து, படத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே அங்க அடையாளங்களை எழுதினார். காதுகளில் குறை இல்லை. முகத்தில் காயம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள். தவறி விழுந்து இறந்ததாகத் தெரிகிறது என்று முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் கண்மாய்க்கு வடக்கே மேட்டில் புதைத்துவிட்டார்கள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும், சுற்றுவட்ட ஊர்களில் ஒட்டுவதற்கு இன்னும் ஆறு படம் வேண்டும் என்றார் ஏட்டு. கருத்தையா மூன்று நாள் லீவு போட்டு வரைந்து கொடுத்தார். ஆறும் ஆறு பெண்களாக இருந்தன. ஒன்றுக்கு முகம் நீளம், ஒன்றுக்கு உருண்டை. ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் அது தெரியவில்லை. முதல் படத்தையும் சேர்த்து ஏழு பேருக்கும் காது மட்டும் ஒரே மாதிரி முழுசாக இருந்தது.

மாட்டாஸ்பத்திரி முடிந்ததும் ஸ்டேஷன் வாசலுக்குப் போய்ப் பலகையில் ஒட்டியிருந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு வருவது கருத்தையாவுக்கு வழக்கமாயிற்று. காணாமல்போனவர்களைத் தேடுகிறவர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். போகிறவர்களின் முகத்தைப் பார்த்து, அந்த நிம்மதியில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

மலையம்மாள் வந்தது மார்கழி முதல் வாரத்தில். தேவன்வயலில் இருந்து வந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வலது கண்ணில் பூ விழுந்து வெளுத்திருந்தது. மற்றக் கண்ணால்தான் பார்த்தாள். மூத்த மகள் பொன்னழகை மேலக்கரையில் சின்னச்சாமி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். மழை நேரத்தில் பொன்னழகு ஒன்றரை வயதுப் பெண்பிள்ளையை விட்டுவிட்டு ஒரு லாரிக்காரனோடு ஓடிப்போய்விட்டாள் என்று மாப்பிள்ளை வந்து சொன்னான். மலையம்மாள் நம்பவில்லை. மாப்பிள்ளை கைநீட்டுகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். செவ்வூரணியில் ஒரு பெண்ணின் பிணம் ஒதுங்கியது காதில் விழுந்ததும் பஸ் ஏறிவிட்டாள்.

பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பக்கத்தில் நின்ற கருத்தையாவுக்கு அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“இது எம்மக இல்ல” என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “எம்மகளுக்கு எடது காது அறுந்து கெடக்கும். சின்னப்பிள்ளையில திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். கூட்டத்துல எவனோ தோட்டப் பிச்சுட்டு ஓடிட்டான். அதுக்கப்புறம் அந்தக் காதுல ஒண்ணும் போட முடியல. இவளுக்கு ரெண்டும் முழுசா இருக்கே.”

ஏட்டு, ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்று வாசித்துக் காட்டினார். படம் எழுதியது இவர்தான் என்று கருத்தையாவையும் காட்டினார். மலையம்மாள் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க நல்லாருக்கணும் தம்பி. எவளோ ஒருத்தி, பாவம், உசுரோட நிக்கிற மாதிரியில்ல வரைஞ்சிருக்கீக. ஓடிப்போனாலும் போறா. எங்கயாச்சும் உசுரோட இருந்தாச் சரி.”

அவள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். பஸ் புறப்பட்டுப் புழுதி அடங்கிய பிறகும் கருத்தையா அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய் ஏட்டிடம் சொன்னார். அறுந்த காதைச் சொன்னார், நெற்றி வெட்டைச் சொன்னார், இரண்டையும் தான் மறைத்துவிட்டதைச் சொன்னார்.

கோட்டைச்சாமி கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அந்தம்மா சொல்றதுக்கு முந்தி இத ஏன் நீங்க சொல்லல?”

“நீங்களும் பாத்திருப்பீகன்னு நெனச்சேன் ஏட்டய்யா.”

“நான் படத்தத்தான் பாத்தேன். அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டுருக்காக. இப்ப நீங்க வந்து காது அறுந்துருந்துச்சு, நெத்தி கிழிஞ்சிருந்துச்சுன்னா, மொதக் கேள்வி என்னையத்தான் கேப்பாக. ரெண்டாவது கேள்வி உங்களைக் கேப்பாக. இனிமே இந்தப் பக்கம் வராதீக.”

மறுநாள் பலகையில் படம் இல்லை.

அந்த மாதம் முழுக்கக் கருத்தையா கொட்டகையில் உட்கார்ந்து ஒரே முகத்தை வரைய முயன்றார். அறுந்த காதோடு, வெட்டோடு, உள்ளது உள்ளபடி. ஒரு படம் இருந்தால் சிவகங்கைக்குப் போய்ப் பெரிய அதிகாரி யாரிடமாவது காட்டலாம் என்பது அவர் எண்ணம். முடியவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால், அவர் வரைந்த பெண்தான் வந்து நின்றாள். கண்ணைத் திறந்துகொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு நின்றாள். செத்தவளின் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அவர் ஒருவர்தான். அது அவரிடமிருந்தும் போய்விட்டிருந்தது. கிழித்துப் போட்ட தாள்களைச் சோலையம்மாள் ஒன்றும் கேட்காமல் பொறுக்கி அடுப்பில் வைத்தாள்.

தை பிறந்தது. ஒரு காலையில் தேவன்வயலில் இருந்து ஒருவர் வயிறு ஊதிய பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் மருந்து புகட்ட, கருத்தையா பசுவின் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, வந்தவர் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார். மலையம்மாள் வீட்டில் புதன்கிழமை கல்யாணமாம். சின்ன மகள் கருப்பம்மாளை அதே மாப்பிள்ளைக்கே கொடுக்கிறார்களாம். மூத்தவள் ஓடிப்போன வீட்டில் இனி யார் வந்து பெண் எடுப்பார்கள்? பிள்ளையையும் பார்த்துக்கொண்ட மாதிரி ஆயிற்று என்று மாப்பிள்ளையே வந்து கேட்டிருக்கிறான். முதலில் மறுத்த மலையம்மாள், செவ்வூரணியில் ஒதுங்கிய பெண் தன் மகள் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சம்மதித்தாளாம். மாப்பிள்ளை மேல் சந்தேகப்பட்டதற்கு அவனிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாளாம்.

பசு கருத்தையாவின் விரலைக் கடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. டாக்டர்தான் இழுத்துவிட்டார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

தேவன்வயலில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் பந்தக்கால் ஊன்றியிருந்தது. முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஆயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் கருப்பம்மாளுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அக்காளின் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையில் புது வளையல். மலையம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டு சந்தோஷமாக வரவேற்றாள். படம் எழுதுகிற தம்பி வந்திருப்பதாக ஆயியிடம் சொல்லி, மோர் கொண்டுவரச் சொன்னாள்.

கருத்தையா மோரைக் குடிக்கவில்லை. மலையம்மாளைத் தனியாக மாட்டுத்தொழுவத்துப் பக்கம் அழைத்துப் போய், நின்றபடியே சொன்னார். கரையில் கிடந்த பெண்ணுக்கு இடது காது அறுந்திருந்தது, படத்தில் நான்தான் அதைச் சேர்த்து வரைந்தேன், நெற்றியில் எலும்பு தெரிய வெட்டு இருந்தது, அதையும் முடியால் மறைத்தேன் என்றார்.

அவள் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல இறங்கியது. ஆனால் வந்தது துக்கம் இல்லை, சந்தேகம்.

“அறுந்த காத அன்னைக்கு நாந்தான் சொன்னேன். நான் சொன்னதையே எங்கிட்டத் திருப்பிச் சொல்றீக.”

“இல்ல ஆத்தா. நீங்க வர்றதுக்கு முந்தியே நான் பாத்தது.”

“கல்யாணத்தக் கலைக்கச் சொல்லி மாப்ள வீட்டுப் பங்காளிக யாரும் அனுப்புனாகளா? அவருக்கும் அவுகளுக்கும் வரப்புத் தகராறு இருக்கு. எனக்குத் தெரியும்.”

யாரும் அனுப்பவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். அவள் தலையை ஆட்டினாள். சத்தியத்துக்கு மேல் ஒன்று அவளிடம் இருந்தது. அவள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள்.

“அந்தப் பிள்ளை மொகத்த நான் மறக்கல தம்பி. எப்படி முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாத்தவுக பாத்தபடி வரைஞ்சாத்தானே அப்படி வரும். உங்க கை பொய் சொல்லாது. வாய்தான் சொல்லுது.”

இருபது வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு ரசிகை கிடைத்ததில்லை. பெண்டாட்டி சிரித்தபோதும், மாமனார் படியிறங்கியபோதும், அதிகாரி நாய் என்று கேட்டபோதும் வாயில் வராத ஒரு வாக்கியம் அப்போது வந்தது.

“எனக்குப் படம் போடத் தெரியாது ஆத்தா.”

அவள் நம்பவில்லை. அடக்கத்துக்குச் சொல்வதாக நினைத்தாள்.

அப்படியானால் நீங்களே பாருங்கள் என்றார். அவளைத் தொழுவத்து வாசலில், வெளிச்சம் படுகிற இடத்தில், கவிழ்த்துப் போட்ட உரலில் உட்காரச் சொன்னார். பையிலிருந்து தாளும் கரிக்கோலும் எடுத்தார். அவளுக்கு இது எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கருத்தையா வேண்டுமென்று கெடுத்து வரையவில்லை. தன்னால் முடிந்தவரை நன்றாகத்தான் வரைந்தார். அவளுடைய இடுங்கிய தாடையைப் பார்த்தார், நெற்றிக் கோடுகளை எண்ணினார், வெளுத்துப்போன வலது கண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடிபட்ட விரல் வலித்தது. இதுவரை வராதது இன்றைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் இருந்தது. வந்துவிடாதா என்ற ஆசையும், அந்த நேரத்திலும், போகவில்லை. கால் மணி நேரத்தில் முடித்தார். முடித்ததைப் பார்த்தார். எப்போதும் வருகிற அதே முகம்தான் வந்திருந்தது.

தாளை அவளிடம் கொடுத்தார். அவள் ஒற்றைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் முகம் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. தான் எப்படி இருக்கிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. முற்றத்தைப் பார்த்து ஆயியைக் கூப்பிட்டாள்.

ஆயி முறத்தை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இது யாருன்னு பாரு.”

ஆயி வாங்கிப் பார்த்தாள். “யாரு, மாப்ள வீட்டு ஆளா? நான் பாத்ததில்லையே.”

“நல்லாப் பாரு.” மலையம்மாள் தாளைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். “என்னைய மாதிரி இல்ல?”

ஆயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உன்ன மாதிரியா? உனக்கு ஒரு கண்ணுல பூ விழுந்து கெடக்கு. இவளுக்கு ரெண்டும் பளபளன்னு முழுசா இருக்கே.”

சொல்லிவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, சிரிப்பை நிறுத்தினாள்.

மலையம்மாள் படத்தை இறக்கினாள். முதலில் ஒரு கண்ணைத் தொட்டாள், தாளில். பிறகு தன் வெளுத்த கண்ணைத் தொட்டாள். முற்றத்தில் பிள்ளை சோறு வேண்டாம் என்று அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது. கருப்பம்மாள் காக்காயைக் காட்டிச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வெட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?” என்று மலையம்மாள் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“வலது புருவத்துக்கு மேல.”

“பெருசா?”

கருத்தையா தன் நெற்றியில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். இந்தத் தடவை எதையும் குறைக்கவில்லை.

அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். மகளிடமிருந்து பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, வளையல்களை ஒவ்வொன்றாக உருவினாள். கருப்பம்மாள் ஏன் என்று கேட்டாள். ஒரு வளையல் உடைந்து கையைக் கீறியது. ஆயி பதறிப்போய் ஓடி வந்தாள். பந்தக்காலைப் பிடுங்கிப் போடச் சொல்லி, பரிசச் சேலையை மேலக்கரைக்கே திருப்பி அனுப்பச் சொல்லி, தான் வரும்வரை சின்னவளை வீட்டை விட்டு வெளியே விடக் கூடாது என்று மலையம்மாள் ஆயியிடம் வரிசையாகச் சொன்னாள். அழவில்லை.

பிறகு கருத்தையாவிடம் வந்தாள்.

“பொதச்ச எடம் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்ப வாங்க.”

செவ்வூரணிக்கு அடுத்த பஸ் நாலு மணிக்குத்தான். அவள் காத்திருக்கத் தயாராக இல்லை. இடுப்பில் பிள்ளையோடு, வெயிலில், ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தாள். கருத்தையா பின்னால் போனார். ஊரைத் தாண்டும்போது, களத்தில் நின்ற ஒருவர், கல்யாணத்தை வைத்துக்கொண்டு இந்த நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாள் என்று கேட்டார்.

“பொன்னழகப் பாக்கப் போறேன்” என்றாள் மலையம்மாள், நிற்காமல்.